கழுத்து மட்டும் நீண்டால் போதுமா?

உங்கள் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? எங்கள் காட்டுப்பாக்கத்தில் தனி வீடுகளுக்கு நடுவே நான்கு மாடி, ஐந்து மாடிக் குடியிருப்புகள் வந்துவிட்டன. காலையில் எழுந்ததும் முதல் வேலை மோட்டார் போடுவதுதான். கீழே சம்ப்பில் இருக்கும் தண்ணீர் மேலே உள்ள தொட்டிக்கு ஏற வேண்டும் அல்லவா?

ஒரு மாடி வீட்டுக்குச் சின்ன மோட்டார் போதும். அதே மோட்டாரை ஐந்து மாடிக் கட்டடத்துக்குப் போட்டால் என்ன ஆகும்? மோட்டார் உறுமும், தண்ணீர் ஏறாது. பெரிய மோட்டார் வாங்க வேண்டும். அதோடு முடிந்ததா? இல்லை. அந்த அழுத்தத்தைத் தாங்கும் கனமான குழாய் வேண்டும். மோட்டாரை நிறுத்தியதும் ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் இருக்கக் குழாயில் ஒரு வால்வு வேண்டும். தரைத்தளக் குழாய்களில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அதையும் கட்டுப்படுத்த வேண்டும். ஆக, வீட்டை உயர்த்துவது கொத்தனார் வேலை மட்டுமல்ல, பிளம்பர் வேலையும் கூட!

இதே சிக்கல் ஒரு விலங்குக்கும் உண்டு. யார் என்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். ஆமாம், ஒட்டகச்சிவிங்கிதான்!

பெயரில் இரண்டு விலங்கு

ஒட்டகம் போல நீண்ட கழுத்து; சிவிங்கி போல உடம்பெல்லாம் புள்ளி. இரண்டையும் சேர்த்துத்தான் தமிழில் ஒட்டகச்சிவிங்கி என்று பெயர் வந்தது. பழைய கிரேக்கர்களும் ஒட்டகத்தையும் சிறுத்தையையும் சேர்த்தே இதற்குப் பெயர் வைத்தார்கள். எங்கேயோ இருந்தவர்களுக்கும் நமக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது பாருங்கள்!

பள்ளிச் சுற்றுலாவில் மைசூரு உயிரியல் பூங்காவுக்குப் போனவர்கள் இதை நேரில் பார்த்திருப்பீர்கள். இதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. நன்கு வளர்ந்த ஆண் 18 அடி உயரம் வரை இருக்கும். கழுத்து மட்டும் சுமார் 6 அடி. அதாவது, உங்கள் அப்பாவின் உயரத்துக்குக் கழுத்து! கால்களும் அதே போல ஏறக்குறைய 6 அடி. எடை ஆயிரம் கிலோவைத் தாண்டும்.

நீண்ட கழுத்தால் என்ன லாபம்? மானும் வரிக்குதிரையும் எட்ட முடியாத உயரத்தில் இருக்கும் வேலமரத் தழைகளை இது சாவகாசமாகத் தின்னும். தூரத்தில் வரும் சிங்கத்தை முதலில் பார்த்துவிடும். ஆண்கள் கழுத்தைச் சுழற்றி ஒன்றையொன்று அடித்துச் சண்டையும் போடும். லாபம் சரி, இதற்கு உடம்பு கொடுத்த விலை என்ன? அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

எலும்பு எத்தனை?

இவ்வளவு நீளக் கழுத்துக்குள் எத்தனை எலும்புகள் இருக்கும்? இருபதா? முப்பதா?

ஏழே ஏழுதான்! உங்கள் கழுத்திலும் ஏழு. உங்கள் வீட்டு எலிக்கும் ஏழு. பாலூட்டிகளில் ஒன்றிரண்டு தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கழுத்தெலும்பு ஏழுதான். ஒட்டகச்சிவிங்கியில் எண்ணிக்கை கூடவில்லை. ஒவ்வொரு எலும்பும் நீண்டுவிட்டது. ஒரு எலும்பு 25 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். உங்கள் ஸ்கேலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

கழுத்துக்குக் கீழே முதுகில் இருக்கும் முதல் எலும்பும் இதற்கு ஓரளவு அசையும். ஏறக்குறைய எட்டாவது கழுத்தெலும்பு போலவே அது உதவுகிறது என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் கண்டறிந்தார்கள்.

இத்தனை கனமான கழுத்தை நாள் முழுக்கத் தூக்கி நிற்க வேண்டுமே, வலிக்காதா? ஒரு வாளித் தண்ணீரைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்று பாருங்கள், கை கடுக்கும். ஒட்டகச்சிவிங்கிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தலையின் பின்பகுதியிலிருந்து முதுகு வரை, ரப்பர் போல இழுபடும் தடித்த நார் ஒன்று ஓடுகிறது. அது கழுத்தை மேல் நோக்கி இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அதனால் கழுத்தைத் தூக்கி நிற்பது அதற்குச் சுலபம்.

மேலே ஏற்றும் மோட்டார்

இப்போது மோட்டார் கதைக்கு வருவோம். உடம்பின் மோட்டார் இதயம். ஒட்டகச்சிவிங்கியின் மூளை, இதயத்தைவிடச் சுமார் 2 மீட்டர் மேலே இருக்கிறது. அவ்வளவு உயரத்துக்கு ரத்தம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் சில விநாடிகளில் மயங்கி விழுந்துவிடும்.

எவ்வளவு அழுத்தம் வேண்டும்? கணக்குப் போடலாமா? மருத்துவர் ரத்த அழுத்தத்தைப் பாதரசத்தின் உயரத்தை வைத்துச் சொல்வார். 120 என்றால் 120 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கும் அழுத்தம் என்று பொருள். பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனமானது. 2 மீட்டர் என்பது 2,000 மில்லிமீட்டர். 2,000-ஐ 13.6-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 147 வரும். ரத்தம் தண்ணீரைவிடச் சற்றே கனம் என்பதால் 150-க்கும் கொஞ்சம் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். ரத்தம் மூளை வரை ஏறுவதற்கே இவ்வளவு! ஏறிய பிறகு மூளைக்குள் பாய்வதற்கும் அழுத்தம் மிச்சம் இருக்க வேண்டும்.

அதனால்தான் ஒட்டகச்சிவிங்கியின் ரத்த அழுத்தம் மனிதனுடையதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு இருக்கிறது. நமக்கு 120 என்றால் அதற்கு 200-க்கும் மேல்!

அப்படியானால் அதன் இதயம் பூதாகாரமாக இருக்கும் என்று நினைப்பீர்கள். பல புத்தகங்களிலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். அளந்து பார்த்தபோது உண்மை வேறாக இருந்தது. உடம்பின் எடையோடு ஒப்பிட்டால், மற்ற பாலூட்டிகளின் இதயத்தைவிட அது பெரியது அல்ல. பிறகு எப்படி இவ்வளவு அழுத்தம்? ரகசியம் சுவரில் இருக்கிறது. ரத்தத்தை வெளியே தள்ளும் இடது அறையின் தசைச் சுவர் மிகவும் தடிமன். உள்ளே இருக்கும் இடமோ சிறியது. பெரிய பலூனை அமுக்குவதைவிடச் சிறிய பலூனை வலுவான கையால் அமுக்கினால் காற்று வேகமாகப் பீறிடும் அல்லவா? அதுபோலத்தான்.

தலை குனிந்தால் ஆபத்தா?

உயரத்துக்கு ஏற்றியாகிவிட்டது. ஆனால் தண்ணீர் குடிக்க ஒட்டகச்சிவிங்கி குனியுமே! மேலே இருந்த தலை நொடியில் தரைக்கு வந்துவிடும். இதயத்துக்கு மேலே இருந்த மூளை இப்போது இதயத்துக்குக் கீழே. பள்ளத்தில் வெள்ளம் பாய்வது போல ரத்தம் மூளைக்குள் பாய்ந்தால் மெல்லிய குழாய்கள் வெடித்துவிடாதா?

வெடிக்காது. மூளைக்கு அடியில் மெல்லிய ரத்தக் குழாய்கள் பின்னிப் பிணைந்த ஒரு வலை இருக்கிறது. ஆடு, மாடுகளுக்கும் இது உண்டு. விஞ்ஞானிகள் இதற்கு வைத்த லத்தீன் பெயருக்கு 'அற்புத வலை' என்று பொருள். ரத்தம் இந்த வலைக்குள் நுழைந்து நிதானமாகிப் பிறகு மூளைக்குப் போகிறது. கழுத்தில் ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் பெரிய சிரைகளில் வால்வுகள் இருக்கின்றன. ரத்தம் பின்னோக்கித் தலைக்கு ஓடாமல் அவை தடுக்கின்றன. குனிந்திருக்கும்போது அந்தச் சிரைகளிலேயே ரத்தம் கொஞ்சம் தங்கிவிடுவதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, அழுத்தமும் தணிகிறது. தலையைத் தூக்கியதும் தங்கிய ரத்தம் இதயத்துக்கு ஓடிவந்து, மயக்கம் வராமல் காக்கிறது.

காலில் இறுக்கமான காலுறை

மேலே இருப்பவர் கதை இது. கீழே இருப்பவர் கதை? தரைத்தள வீட்டில் தண்ணீர் பீய்ச்சி அடிப்பது போல, காலில் ரத்த அழுத்தம் மிக அதிகம். இதயத்தில் 200 என்றால், அதற்கு 2 மீட்டர் கீழே இருக்கும் பாதத்தில் நிற்கும்போது 350-ஐத் தொடும்.

ஒரு சின்னச் சோதனை. ஒரு கையை உயரத் தூக்குங்கள், இன்னொரு கையைத் தொங்கவிடுங்கள். ஒரு நிமிடம் கழித்து இரண்டு புறங்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொங்கிய கையில் நரம்புகள் புடைத்துத் தெரியும், நிறமும் கொஞ்சம் சிவந்திருக்கும். நாம் பேச்சுவழக்கில் நரம்பு என்று சொன்னாலும் அவை சிரைகள்தான். நாள் முழுக்க நின்றபடியே வேலை செய்கிறவர்களுக்குக் காலில் சிரை சுருண்டு வீங்குவது உண்டு. மருத்துவர் அவர்களை இறுக்கமான காலுறை போடச் சொல்வார்.

ஒட்டகச்சிவிங்கிக்கு அந்தக் காலுறை பிறவியிலேயே உண்டு! முழங்காலுக்குக் கீழே தோலும் அதன் அடியில் உள்ள உறையும் அவ்வளவு இறுக்கம். காலுக்குப் போகும் தமனிகளின் சுவர் தடித்து, உள்வழி குறுகியிருக்கிறது. குறிப்பாக முழங்கால் அருகே சட்டென்று குறுகிவிடுகிறது. குழாயைத் திருகிப் பாதி மூடுவது போல! அதனால் கால் வீங்குவதே இல்லை. வேகமாகத் திரும்பும் போர் விமானத்தின் விமானிகளுக்கும் ரத்தம் காலுக்கு இறங்கி மயக்கம் வரலாம். அதைத் தடுக்க அவர்கள் அணியும் உடையும் கால்களையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கிறது.

மூச்சும் நரம்பும்

நீளக் கழுத்துக்குள் நீளமான மூச்சுக்குழல். இதில் என்ன தொல்லை? நாம் விடும் மூச்சில் கடைசிப் பகுதி வெளியே போகாமல் குழலிலேயே தங்கிவிடும். அடுத்த மூச்சில் முதலில் உள்ளே வருவது அந்தப் பழைய காற்றுதான். குழல் நீண்டால் பழைய காற்றும் கூடும். ஒட்டகச்சிவிங்கி இதை இரண்டு வழிகளில் சமாளிக்கிறது. அதே எடையுள்ள மற்ற விலங்குகளைவிட அதன் மூச்சுக்குழல் குறுகல். எனவே தங்கும் காற்று குறைகிறது. அடுத்து, அது நிதானமாக, ஆழமாக மூச்சு விடுகிறது.

நரம்பு ஒன்றின் கதை இன்னும் வேடிக்கையானது. மூளையிலிருந்து குரல்வளைக்கு ஒரு நரம்பு போகிறது. இரண்டுக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. நேராகப் போயிருக்கலாம் அல்லவா? போகவில்லை! கழுத்து வழியே கீழே இறங்கி, இதயத்தின் அருகே பெரிய தமனியைச் சுற்றி, மறுபடி கழுத்து வழியே மேலே ஏறிக் குரல்வளையைச் சேர்கிறது. மொத்தம் 4 மீட்டருக்கும் மேல்! குமணன்சாவடியிலிருந்து பக்கத்துக் காட்டுப்பாக்கத்துக்கு வர மைசூரு போய்த் திரும்புவது போல. உங்கள் உடம்பிலும் இந்த நரம்பு இதே மாதிரிதான் சுற்றி வருகிறது. கழுத்தே இல்லாத மீன்களில் இந்தப் பாதை நேர்வழியாக இருந்தது. கழுத்து நீள நீள நரம்பு மட்டும் பழைய பாதையை விடவில்லை. உயிரினங்களின் உடல் ஒரே நாளில் வரைந்த வரைபடம் அல்ல, பழைய வீட்டையே இடிக்காமல் மாற்றிக் கட்டியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

நம் நாட்டில் கிடைத்த உறவினர்

அப்படியானால் கழுத்து குட்டையாக இருந்த ஒட்டகச்சிவிங்கி உறவினர் யாராவது உண்டா? உண்டு. காங்கோ காட்டில் வாழும் ஒகாபி இன்றும் குட்டைக் கழுத்துடன் இருக்கிறது. இன்னொன்று நம் இந்தியாவிலேயே வாழ்ந்தது!

இமயமலை அடிவாரத்தில் சிவாலிக் குன்றுகள் இருக்கின்றன. அங்கே ஹியூ பால்கனர், புரோபி காட்லி என்ற இருவர் பாறைகளில் புதைந்த எலும்புகளைத் தேடினார்கள். கங்கைக் கால்வாயை அமைத்த பொறியாளரும் இதே காட்லிதான். 1836-ல் அவர்கள் ஒரு பிரம்மாண்ட விலங்கின் மண்டையோட்டைப் பற்றி எழுதினார்கள். சிவாலிக்கில் கிடைத்ததால் 'சிவதேரியம்' என்று பெயர் வைத்தார்கள். சிவனின் விலங்கு என்று பொருள். ஆள் கனம், தலையில் பெரிய கொம்புகள், கழுத்தோ குட்டை. அதே குன்றுகளில் பழங்கால ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தெலும்பும் கிடைத்தது. கிரீஸ் நாட்டுப் பகுதியில் கிடைத்த சாமோதேரியம் என்ற விலங்கின் கழுத்து, ஒகாபிக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் நடுத்தரமான நீளம். பல லட்சம் ஆண்டுகளில் கழுத்து படிப்படியாகத்தான் நீண்டது. அதற்கேற்ப இதயமும் குழாய்களும் தோலும் மாறின.

கீழே விழுந்தால்?

இவ்வளவு நேர்த்தியான உடம்புக்கும் பலவீனம் உண்டு. தண்ணீர் குடிக்க ஒட்டகச்சிவிங்கி முன்னங்கால்களை அகலப் பரப்பிக் குனிய வேண்டும். சட்டென்று எழுந்து ஓட முடியாது. சிங்கம் அந்த நேரத்துக்குத்தான் காத்திருக்கும்! நல்ல வேளை, தழைகளிலிருந்தே பெரும்பாலான தண்ணீர் கிடைத்துவிடுவதால் அது பல நாட்கள் குடிக்காமலும் இருக்கும்.

குட்டி போடுவதும் நின்றபடிதான். சுமார் 15 மாதம் வயிற்றில் இருந்த குட்டி ஏறக்குறைய 6 அடி உயரத்திலிருந்து தரையில் விழும். பயப்படாதீர்கள், ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்றுவிடும்!

மனிதனால் வரும் ஆபத்துதான் பெரிது. ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் மறைத்து வைக்கும் கம்பிக் கண்ணிகள் இதன் காலில் மாட்டி இறுகிவிடுகின்றன. அதை அறுத்து எடுக்க மருத்துவர்கள் மயக்க ஊசி போட வேண்டும். அங்கேதான் சிக்கல். மயக்கத்தில் விழுந்த ஒட்டகச்சிவிங்கிக்கு மூச்சும் ரத்த ஓட்டமும் தடுமாறும். நேரம் போனால் இறந்துவிடும். எனவே அது விழுந்த உடனேயே மாற்று மருந்து கொடுத்து மயக்கத்தைத் தெளிய வைக்கிறார்கள். கண்ணைத் துணியால் கட்டி, காதை அடைத்து, சிலர் அதன் கழுத்தை அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். தலையைத் தூக்காமல் அதனால் எழ முடியாது. அந்தச் சில நிமிடங்களுக்குள் கம்பியை அறுத்து, மருந்து போட்டு விட்டுவிட வேண்டும்!

1985 முதல் 2015 வரையிலான 30 ஆண்டுகளில் ஒட்டகச்சிவிங்கிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. காடு சுருங்கியதும் வேட்டையும் உள்நாட்டுப் போர்களும் காரணம். 2016-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இதை அழியும் ஆபத்துள்ள விலங்குகளின் பட்டியலில் சேர்த்தது. 2025-ல் இது ஒரே இனம் அல்ல, நான்கு தனித்தனி இனங்கள் என்று அறிவிக்கப்பட்டது. தெற்கு இனம் ஓரளவு நன்றாக இருக்கிறது. வடக்கு இனத்திலோ சுமார் 7,000 மட்டுமே!

தாத்தா மாத்திரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

"எங்கேயோ ஆப்பிரிக்காவில் இருக்கும் விலங்கு. நமக்கென்ன?" என்று கேட்கிறீர்களா? உங்கள் தாத்தாவோ பாட்டியோ தினமும் காலையில் பிரஷர் மாத்திரை போடுகிறாரா என்று பாருங்கள். பல வீடுகளில் போடுவார்கள். மனிதனுக்கு ரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் அதிகமாக இருந்தால் இதயச் சுவர் தடிக்கும். அதோடு விறைத்தும் போகும். சிறுநீரகமும் கெடும். ஒட்டகச்சிவிங்கிக்கோ பிறந்து வளர்ந்தது முதல் அழுத்தம் இரண்டு மடங்கு. ஆனால் அதன் இதயம் கெடுவதில்லை! ஏன்?

2021-ல் சீனா, டென்மார்க் உள்ளிட்ட நாடுகளின் விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். ஒட்டகச்சிவிங்கியிடம் மட்டும் வித்தியாசமாக இருக்கும் ஒரு மரபணுவைக் கண்டறிந்து, அதே மாற்றத்தை எலிகளின் உடலில் செய்தார்கள். பிறகு அந்த எலிகளுக்கும் சாதாரண எலிகளுக்கும் ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தைக் கொடுத்தார்கள். சாதாரண எலிகளின் இதயமும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டன. மாற்றம் செய்த எலிகள் பெருமளவு தப்பித்தன. அவற்றின் எலும்பும் அடர்த்தியாக இருந்தது. எலியிலிருந்து மனிதனுக்கு மருந்து வர இன்னும் நெடுந்தூரம் போக வேண்டும். ஆனால் எந்தப் பக்கம் தேடலாம் என்று ஒட்டகச்சிவிங்கி கை காட்டியிருக்கிறது. அந்த விலங்கே இல்லாமல் போயிருந்தால் இதை யாரிடம் போய்க் கேட்டிருப்போம்?

செய்து பாருங்கள்

ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலில் மேலே ஒன்று, அடிப்பக்கம் ஒன்று என ஒரே அளவில் இரண்டு துளைகள் போடுங்கள். துளை போடப் பெரியவர்களின் உதவியைக் கேளுங்கள். துளைகளை விரலால் மூடிக்கொண்டு தண்ணீர் நிரப்பி, உயரமான ஸ்டூலில் வைத்து விரலை எடுங்கள். எந்தத் துளையில் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சுகிறது? ஏன்? விடையை உங்கள் நோட்டில் எழுதி, அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். ஒட்டகச்சிவிங்கியின் கால் தோல் ஏன் இறுக்கமாக இருக்கிறது என்பதையும் மறக்காமல் அவருக்குச் சொல்லுங்கள்!